தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம்?

உங்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது யார்?

தஞ்சாவூர்க்காரராக இருந்தால் ஆறு என்பீர்கள். மதுரைப் பக்கமென்றால் கண்மாய். சென்னையில் பிறந்தவரென்றால், காசு கட்டிச் சேர்ந்த நீச்சல் குளமும், விசில் ஊதுகிற மாஸ்டரும் நினைவுக்கு வரலாம். சேலம், நாமக்கல் பக்கத்து ஆளைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொல்வார்: "எங்க தோட்டத்துத் தொட்டிங்க!"

அது பம்புசெட் தொட்டி. கிணற்று மேட்டில், மோட்டார் ரூமை ஒட்டி, தரைக்கு மேலே நான்கடி உயரத்துக்குச் செங்கல்லால் கட்டிய சதுரம். ஒரு பக்கம் குழாய் வாய். எதிர்ப்பக்கம் அடியில் ஒரு ஓட்டை. அதைப் பழந்துணியோ தேங்காய் மட்டையோ வைத்து அடைத்தால் தொட்டி நிறையும், பிடுங்கினால் தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும். பக்கத்தில் துணி துவைக்க ஒரு கல். பிள்ளைகள் முதலில் இதற்குள் தத்தளித்துப் பழகி, பிறகு முதுகில் சுரைக்குடுவையோ காலி மண்ணெண்ணெய் டின்னோ கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பார்கள். எண்பதுகளின் தமிழ் சினிமாவில் கதாநாயகி குளிப்பதற்கும் இதே தொட்டிதான்!

அப்படி ஒரு தொட்டியை இடிக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ஒரு தோட்டம். பெரியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். பேரன் பெங்களூரில் வேலை. தோட்டத்து வீட்டை ஒட்டிப் புதிதாக வீடு கட்டுகிறார்கள். இப்போது தொட்டி இருப்பது வீட்டின் கொல்லைப்புறத்தில். விரிசல் விட்டுவிட்டது. மழை பெய்தால் தேங்குகிற நீரில் கொசுப்புழு. போன மாதம் உள்ளே ஒரு சாரைப்பாம்பு.

"இடிச்சுப் போட்றலாம்னு பேரன் சொல்லுச்சுங்க. சரி, இருந்து என்ன பண்ணப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன்" என்றார் பெரியவர்.

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் தரைக்கு மேலேயே நீச்சல் குளம் வைத்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் தகரச் சுவர், உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனதும் அது பாசி பிடித்துக் கிடக்கும். தண்ணீரை வடித்து, திருகாணியைக் கழற்றி, தகரத்தைச் சுருட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அங்கே அத்தோடு கதை முடிந்தது. நம்ம ஊர்த் தொட்டியை உடைத்தால் கூடவே இருநூறு வருஷக் கதை உடைந்து விழுகிறது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இந்தத் தொட்டி பத்தடி நீளம், எட்டடி அகலம், நான்கடி உயரம். ஆக 320 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். மொத்தம் சுமார் 9,000 லிட்டர். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது நம்மோடு வரும்.

சேலம் - நாமக்கல் சமவெளி பார்வைக்குத்தான் சமவெளி. நான்கைந்தடி மண்ணைத் தள்ளினால் பாறை. மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 700 முதல் 900 மில்லிமீட்டர். பாறையின் மேல்தட்டில் சிதைந்துபோன பகுதியிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் தொடுகிற சில ஊர்களைத் தவிர, மற்றவர்கள் அந்தத் தண்ணீர் டெல்டாவுக்குப் போவதைக் கேள்விப்பட்டதோடு சரி. அவர்களுக்கு வாய்த்தது கிணறு.

அந்தக் கிணறும் லேசுப்பட்டதல்ல. வெடி வைத்துப் பாறையைத் தகர்த்து, கல்லைக் கூடையில் சுமந்து, அறுபதடி, எண்பதடி இறங்குகிற அகலமான பள்ளம். ஒரு தலைமுறை வெட்டத் தொடங்கும், அடுத்த தலைமுறை ஆழப்படுத்தும்.

1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. முதல் கலெக்டர் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. விவசாயியிடம் நேரடியாகத் தீர்வை வசூலிக்கிற ரயத்துவாரி முறை உருவானது இங்கேதான். கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசனமுள்ள 'தோட்டக்கால்' நிலத்துக்கு மானாவாரிக் காட்டைவிடத் தீர்வை அதிகம். அதாவது, பாறையை உடைத்துத் தண்ணீர் கண்டவன் அதற்காகக் கூடுதல் வரியும் கட்டினான்! சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்குக் கூடுதல் தீர்வை வேண்டாம் என்ற கொள்கை 19-ம் நூற்றாண்டின் நடுவில் வந்த பிறகுதான் கிணறு வெட்ட ஆட்களுக்குத் தைரியம் வந்தது.

தண்ணீரை மேலே ஏற்றியது கவலை. மற்ற ஊர்களில் கமலை என்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் தைத்த வால். அது வழியாகத் தண்ணீர் கொட்டும். 1800-ல் கம்பெனிக்காக மைசூரிலிருந்து கொங்கு நாட்டு வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இந்தக் கவலைத் தோட்டங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

ஒரு சாலுக்கு நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய 9,000 லிட்டர் தொட்டியை நிரப்ப, மாடுகள் தொண்ணூறு தடவை இறங்கி ஏற வேண்டும். விடிவதற்கு முன்னால் மாட்டைக் கட்டினால் வெயில் ஏறும்வரை ஓயாது. அதனால்தான் அந்தக் காலத்தில் பெரிய தொட்டியே கிடையாது. சால் கொட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு கல் தொட்டி, அங்கிருந்து நேராக வாய்க்கால். தேக்கி வைத்து விளையாடுவதற்குத் தண்ணீர் ஏது?

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. அந்தத் தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் கைபட்ட தோல் வழியாக வந்த தண்ணீர்தான் தோட்டம் முழுக்கப் பாய்ந்தது. ஆனால் அதே கிணற்றில் அவர்கள் இறங்க முடியாது. தாகம் என்றால், யாராவது மேலேயிருந்து ஊற்றுகிறவரை கையைக் குவித்து நிற்க வேண்டும். மாட்டுக்கு அந்தத் தொட்டியில் வாய் வைக்க அனுமதி இருந்தது. மாடு மேய்த்த பையனுக்கு இல்லை.

மாட்டை முதலில் அவிழ்த்துவிட நினைத்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1906-ல் சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலையைத் தொடங்கிவைத்தவரும் இவரே. 1900-களின் தொடக்கத்தில், எண்ணெய் என்ஜினை வைத்துக் கிணற்று நீரை இறைத்துக் காட்டினார். விவசாயிகள் ஆச்சரியத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். வாங்கத்தான் பெரும்பாலோருக்கு வசதியில்லை.

பிறகு வந்தது கரண்ட். 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் அங்கேயும் மின் உற்பத்தி. மேட்டூர்த் தண்ணீர் தஞ்சாவூருக்கு, மேட்டூர் மின்சாரம் நமக்கு! அதே 1937-ல் கோவை பீளமேட்டில் ஜி.டி.நாயுடுவின் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவின் முதல் மின் மோட்டார் வெளியே வந்தது. கரண்டும் மோட்டாரும் பக்கத்து ஊர்களில் பிறந்து, கிணற்றடியில் சந்தித்துக்கொண்டன. 1957-ல் மின்வாரியம் அமைந்ததும் கம்பி கிராமம் கிராமமாக ஓடியது. பம்புசெட் இணைப்பில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடியானது.

பெரியவரின் தொட்டி அப்போதுதான் பிறந்தது. உள்பக்கச் சுவரில், ஈர சிமென்ட்டில் ஆணியால் கீறிய எழுத்து இன்னும் இருந்தது: 1967.

"எங்க ஐயன் கீறுனதுங்க. கரண்ட் வந்த அன்னிக்கு ஊரே வந்து நின்னு பார்த்துச்சு. மாட்டுக்குப் பொட்டு வெச்சு, கவலைக்கு ஒரு தேங்காய் ஒடைச்சு, வடத்தை அவுத்துட்டாங்க" என்றார். கவலை வடத்தைத் தாங்கி நின்ற கல் தூண்களைப் பெயர்த்து, தொட்டிக்கு ஏறும் படியாகப் போட்டார்களாம். பழசை உடைத்துத்தான் புதுசுக்குப் படி கட்டியிருக்கிறார்கள்.

தொட்டி எதற்கு என்கிறீர்களா? சால் மாதிரி விட்டு விட்டு வராமல், மோட்டார் தண்ணீர் ஒரே வேகத்தில் சீறி வந்தது. நேராக விட்டால் மண் வாய்க்காலை அரித்துவிடும். தொட்டி அந்த வேகத்தை வாங்கிக்கொண்டது. கரண்ட் இருக்கும்போது நிறைத்து வைத்தால், நின்ற பிறகும் மடை திருப்பலாம். தரைக்கு மேலே இருப்பதால் மேட்டுப் பாத்திக்கும் தண்ணீர் தானாகவே ஓடும்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். அறுபதடிக் கிணறு, ஐந்து குதிரைசக்தி மோட்டார். நல்ல நீர் இருந்தால் நிமிஷத்துக்கு 600 லிட்டர் தூக்கும். 9,000 லிட்டர் தொட்டி கால் மணி நேரத்தில் நிரம்பி வழியும்!

பதினைந்தே நிமிஷம்! கடலை, சோளம் மட்டும் விளைந்த காட்டில் கரும்பும் மஞ்சளும் வந்தன. பிள்ளைகள் தொட்டிக்குள் குதித்தார்கள். வரலாற்றில் முதல் தடவையாக, இந்த மேட்டுக்காட்டு மனிதனுக்கு விளையாடுவதற்கும் தண்ணீர் மிஞ்சியது.

அந்தத் தண்ணீருக்காக உயிரும் போயிருக்கிறது. 1970-ல் விவசாய மின்கட்டணம் ஏறியபோது, நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் கிளம்பினார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லித்தான் போராட்டம். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று பேர் இறந்தார்கள். 1972 ஜூலை 5-ல் மறுபடியும் துப்பாக்கிச் சூடு. அன்று விவசாயிகள் விழுந்த இடங்களில் ஒன்று, சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையம். ஒரு பைசாவுக்கா என்று இன்று தோன்றும். கிணற்றை நம்பியவனுக்கு அந்தப் பைசாதான் பயிரா, சருகா என்பதைத் தீர்மானித்தது.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது. 1990-ல் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. செத்தவர்கள் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. ஆனால் கூடவே ஒன்று காணாமல் போனது. மாடு களைத்தால் கவலை நிற்கும். பில் ஏறினால் மோட்டாரை நிறுத்துவோம். இப்போது களைக்கவும் ஆளில்லை, பில்லும் இல்லை. 'போதும்' என்று சொல்ல யாருமே மிச்சமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் பத்தடி ஆழப்படுத்தினால், நம் கிணறு பத்தடி இறங்கியது. நாமும் ஆழப்படுத்தினோம்.

இலவச மின்சாரம்தான் கெடுத்தது என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவது சுலபம். ஆற்றுப் பாசனக்காரருக்கு அணை கட்டி, கால்வாய் வெட்டித் தந்தது அரசாங்கம். கிணற்றுக்காரர் தன் அணையைத் தானே வெட்டிக்கொண்டார். அவருக்கு அரசாங்கம் செய்த ஒரே பெரிய உதவி இதுதான். தப்பு கரண்ட் தந்ததில் இல்லை. கிணற்றுக்குள் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து பேசாததில் இருக்கிறது.

அடுத்து மேடைக்கு வந்தது ரிக் லாரி. இதில்தான் சரித்திரம் குறும்பு செய்கிறது. இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும், அந்த லாரியின் பக்கவாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 'திருச்செங்கோடு' என்று எழுதியிருக்கும். நாமக்கல் மாவட்டத்து அந்த ஊர், நாட்டின் போர்வெல் தலைநகரம். அங்கிருந்து ரிக்குகள் ராஜஸ்தானுக்குப் போயின, மத்தியப் பிரதேசம் போயின, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயின. பாறையோடு மல்லுக்கட்டியே பழகிய ஜனங்களுக்குப் பாறையைத் துளைப்பதுதான் கைவந்த தொழில். ஊரெல்லாம் தண்ணீர் கண்டு கொடுத்தவர்கள், சொந்த ஊரில் ஆயிரம் அடிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆழத்தில் பாறை வெடிப்பில் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் வெறும் புழுதி! சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல வட்டாரங்கள், அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் இருக்கின்றன.

பெரியவரின் கிணறு வறண்டு பல வருஷமாகிறது. போர்வெல் தண்ணீர் குழாய்க்குள் வந்து, குழாய்க்குள்ளேயே சொட்டுநீருக்குப் போய்விடுகிறது. சிக்கனம்தான், நல்லதுதான். ஆனால் தண்ணீரைக் கண்ணால் பார்க்கிற இடம் ஒன்று தோட்டத்தில் இல்லாமல் போய்விட்டது.

"போன மே மாசம் பேரனோட பொண்ணு வந்திருந்துச்சுங்க. தொட்டில குளிக்கோணும்னு ஒரே அடம். விரிசலுக்கெல்லாம் சிமென்ட் பூசி, காலைல மோட்டாரைப் போட்டேன். ஆறு மணி நேரம் ஓடுச்சு. கரண்ட் போறப்பப் பார்த்தா எனக்கு முழங்கால் அளவுதான். புள்ளை என்னைப் பார்த்து, 'அவ்ளோதானா தாத்தா?'ன்னு கேட்டுச்சு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த போர்வெல் மணிக்கு 600 லிட்டர் தருகிறது. அதே அறுநூறுதான். அன்றைக்கு நிமிஷத்துக்கு, இன்றைக்கு மணிக்கு! கால் மணி நேரத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது பதினைந்து மணி நேரம் வேண்டும். பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் படித்தும் எனக்கு உறைக்காத விஷயம், அந்தச் சின்னப் பெண்ணின் ஒரு கேள்வியில் உறைத்தது.

ஜேசிபி வர மதியமானது. அதற்கு முன்பே, எடுக்கக்கூடிய செங்கல்லை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சம்மட்டியோடு உள்ளே இறங்கினார். அறுபதைத் தாண்டியவர், சின்ன வயதிலிருந்து அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர். நாலு அடி அடித்துவிட்டு, மூச்சு வாங்க நின்றார். சுற்றுச் சுவரைத் தடவிப் பார்த்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "இந்தத் தொட்டிக்குள்ளாற நான் எறங்குனது இன்னைக்குத்தானுங்க."

பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே போய், சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து அந்த மனிதர் கையில் கொடுத்தார். பழைய தொட்டிகளைப் பற்றி ஏக்கமாகப் பேசும்போதெல்லாம் இந்தக் காட்சியையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். அதில் எல்லாருமா குளித்தார்கள்?

ஜேசிபி வேலையை முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் சுவர், பிறகு அடித்தளம். அடித்தளத்தை விட்டுவிடலாமா என்று டிரைவர் கேட்டார். மண்ணுக்கடியில் சிமென்ட் பலகை கிடந்தால் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. அதனால் அதையும் பெயர்த்தாகிவிட்டது. அடுத்த கேள்வி: இந்த இடிபாட்டை எங்கே கொட்டுவது? டிரைவர் இயல்பாகக் கிணற்றைக் காட்டினார். இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். தொட்டியை உடைத்து, அந்தக் கல்லாலேயே கிணற்றை மூடிவிட்டு, மேலே மனை போட்டு விற்றுவிடுவார்கள்.

நிறுத்தினது பேரன். "கெணத்த மூட வேண்டாம் தாத்தா. வீட்டு மாடித் தண்ணியை அதுல விட்டுடலாம்."

தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாமெல்லாம் வீட்டு ஓரத்தில் மூன்றடிக் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, அதிகாரி வந்துபோனதும் மறந்துவிட்டோம். இந்தச் சமவெளியிலோ பாட்டன் காலத்திலேயே பாறையில் தோண்டிய அறுபதடிக் குழிகள் தயாராக இருக்கின்றன. மழைநீரை வண்டலும் குப்பையும் வடிகட்டி உள்ளே விட்டால், அது பாறையின் வெடிப்புகளுக்குள் திரும்பிப் போகும். உடனே ஊற்றெடுத்துவிடும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஆனால் இடிபாடு கொட்டி மூடிய கிணறு, வேண்டும்போது திரும்பக் கிடைக்காது. மேலே கட்டிய வீடும், மண் இறங்க இறங்க விரிசல் விடும்.

திறந்து வைப்பதென்றால் பாதுகாப்பாக வைக்க வேண்டும். சுற்றுச்சுவர், மேலே கம்பி வலை. தண்ணீர் வராத போர்வெல்லை மட்டும் ஒரு நாள்கூடத் திறந்து போடக் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது ஒரு கைவிடப்பட்ட குழிக்குள்தான். தமிழ்நாடே தூங்காமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த அந்த இரவுகளை மறந்திருக்க மாட்டீர்கள்.

இடிபாடு புது வீட்டின் அஸ்திவாரத்துக்குள் போனது. '1967' என்று கீறியிருந்த துண்டை மட்டும் பெரியவர் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். தொட்டி இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு சதுரம். ஐம்பது வருஷத்துக்கு மேல் வெயில் படாத மண்.

இதெல்லாம் கிராமத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் வாங்கப் போகிற மனையில் ஒரு பழைய கிணறு இருக்கலாம். 'மூடிக் கொடுத்துடறோம் சார்' என்று புரோக்கர் சொன்னால், ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் ஒரு தொட்டி இருக்கிறதல்லவா? இன்று மோட்டாரைப் போடும்போது கடிகாரத்தைப் பாருங்கள். நிரம்ப எத்தனை நிமிஷமாகிறது என்று சுவரில் பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடி எழுதுங்கள்.

பெரியவர் வீட்டில் அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால், கால் மணி நேரம் அரை மணி ஆனபோதே யாராவது விழித்திருப்பார்கள்.